மாப்பிள்ளை சொன்ன எட்டு

காற்றுத் தொட்டிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, வடிகுழாயைக் கால் சுற்று திறந்து, இரவெல்லாம் உள்ளே தேங்கிய தண்ணீர் பழுப்பாகச் சீறிக்கொண்டு வாளியில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் காத்தண்ணன். இந்த நேரத்தில் யார் வணக்கம் சொன்னாலும் பதில் வராது. தண்ணீர் நின்று வெறுங்காற்று வரத் தொடங்கியதும் குழாயை மூடுவார். வாளியை முகத்தருகே தூக்கி, எண்ணெய் மிதக்கிறதா என்று பார்ப்பார். பிறகு எழுந்து தொட்டியின் வயிற்றில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். "கக்கிட்டியா? இனி வேலையப் பாரு" என்பார். அதற்கப்புறம்தான் மனிதர்கள்.

அது அலுவலக நாற்காலிகள் செய்யும் தொழிற்சாலை. மெத்தைத் துணியைப் பலகையோடு இறுக்கும் பின் ஊசித் துப்பாக்கிகள், பெயின்ட் அடிக்கும் துப்பாக்கிகள், நாற்காலியின் மேல் ஆள் உட்காருவதுபோல ஆயிரம் தடவை உட்கார்ந்து பார்க்கும் இரும்புப் பிட்டம் என்று எல்லாமே காற்றில்தான் ஓடுகின்றன. அந்தக் காற்றைப் பிடித்து, அமுக்கி, தொட்டியில் அடைத்துக் குழாய் வழியே அனுப்பும் கம்ப்ரஸர், பின்கட்டில் தனி அறையில் இருக்கிறது. அதை ஓட்டுவதால் இவர் காத்தண்ணன். வருகைப் பதிவில் உள்ள பெயரை ஒருநாள் யாரோ உரக்கக் கூப்பிட்டபோது, யார் அது என்று இவரும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தார்.

அந்த அறையின் இரைச்சலில் வாழ்ந்து வாழ்ந்து அவருடைய குரல் ஒரே அளவில் நின்றுவிட்டது. அது கூப்பிடு தூரத்துக்கான அளவு. காதுக்கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்ட பிறகும் அது இறங்குவதில்லை. ஒருமுறை பஸ்ஸில் மனைவியின் காதோரம் குனிந்து, மூலத்துக்கு மருந்து வாங்கணும் என்று கிசுகிசுத்தார். இறங்கும் இடம் வருவதற்குள் மூன்று பேர் நல்ல டாக்டர் பெயர் சொல்லிவிட்டார்கள். மனைவி அதற்கு நேர்மாறு. உதட்டை மட்டும் அசைப்பாள், அவர் படித்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்தக் குடும்பச் சண்டைகளில் ஒரு தரப்பு மட்டுமே தெரியும். அதனால் எப்போதும் அவள் பக்கமே நியாயம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

காற்று விஷயத்தில் காத்தண்ணன் யாருக்கும் சலுகை தரமாட்டார். வேலை முடிந்து உடம்பில் ஒட்டிய பஞ்சையும் தூசியையும் காற்றுக்குழாயால் ஊதித் தட்டுவது எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ள பழக்கம். இவர் இருக்கும் இடத்தில் அது நடக்காது. "காத்துதானேன்னு நினைக்காத. சின்னக் கீறல் வழியா தோலுக்குள்ள பூந்துச்சுன்னா எந்த டாக்டரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது" என்பார். ஒருநாள் மானேஜரே கால்சட்டைத் தூசியை ஊதிக்கொண்டிருந்தார். காத்தண்ணன் உள்ளே போய் மெயின் வால்வை மூடினார். மொத்தத் தொழிற்சாலையும் மூச்சடங்கி நின்றது. குழாயை மானேஜர் கொக்கியில் திருப்பி மாட்டிய பிறகே காற்று வந்தது.

இப்படி ஊருக்கெல்லாம் கண்டிப்பு காட்டுகிறவர், தான் மட்டும் எதை நம்பி ஓட்டினார் என்றால், ஒரு முள்ளை நம்பி. தொட்டியின் நெற்றியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பித்தளை விளிம்பு வைத்த மீட்டர் ஒன்று உண்டு. தினமும் தன் கைக்குட்டையாலேயே அதன் கண்ணாடியைத் துடைப்பார். காற்றின் அழுத்தத்துக்குக் கணக்கு 'பார்'. "ஏழு பார்" என்று அவர் சொன்னால் புதிதாக வந்தவர்கள் திரும்பி எதையோ பார்ப்பார்கள். முள் ஏழைத் தொட்டதும் மோட்டார் நிற்க வேண்டும்; அது அவர் வைத்த கணக்கு. எட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று தொட்டியிலேயே தகடு அடித்திருந்தார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் தன் நிம்மதி இருப்பதாக அவர் சொல்லிக்கொள்வார். "முள்ளு பொய் சொல்லாது. அதுக்கு யார்கிட்டயும் காரியம் ஆகணும்னு இல்ல."

அந்த முள்ளுக்குப் போட்டியாக ஒரு பெட்டி வந்தது. கொண்டுவந்து மாட்டியவர் வேறு யாருமல்ல, அவருடைய மாப்பிள்ளை.

இயந்திரங்களின் சூடு, அழுத்தம் எல்லாவற்றையும் கம்பியில்லாமல் போனுக்கு அனுப்பும் கருவிகளை விற்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் மாப்பிள்ளை வேலை பார்க்கிறார். மாமனார் ஓட்டும் கம்ப்ரஸருக்கும் ஒன்று மாட்டிச் சில மாதம் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. மானேஜருக்குப் பிடித்துவிட்டால் தொழிற்சாலை முழுக்க மாட்டுவார்கள். மாப்பிள்ளை இந்த ஊரிலேயே இருப்பார். பிடிக்காவிட்டால், ஒரு பகல் முழுக்க ரயிலில் உட்கார்ந்து போகும் தூரத்தில் உள்ள கிளைக்கு மாற்றிவிடுவார்கள். இப்போது மகள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். சாயங்காலம் வந்து அம்மாவோடு சத்தமில்லாமல் பேசிவிட்டுப் போவாள். அதனால், எப்படிண்ணே உங்க மாப்பிள்ளை சரக்கு என்று மானேஜர் கேட்டபோது, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க என்று காத்தண்ணன் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் பொருளில் குறை சொல்ல எந்த மாமனாருக்கு நாக்கு வரும்?

பெட்டி ஒரு சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. விரல் நீள ஆன்டெனாவும் பச்சையாகக் கண் சிமிட்டும் ஒரு புள்ளியும் இருந்தன. மாப்பிள்ளை அதைத் தொட்டியில் திருகி, மானேஜர் போனிலும் மாமனார் போனிலும் எண்கள் தெரியும்படி செய்தார். எட்டைத் தொட்டால் எண் சிவந்து போன் அலறும். மோட்டாரை ஓடவிட்டார்கள். முள் ஏழில் வந்து நின்றது. போனில் ஏழு புள்ளி ஒன்பது என்று வந்தது.

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கி, "கொஞ்ச நாள் ஓடட்டும் மாமா, ரெண்டும் பழகிடும்" என்றார்.

முள்ளுக்கு என்ன புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது என்று காத்தண்ணன் கேட்கவில்லை. பாவம், சரக்கு சரியில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். அன்றைக்கு மாப்பிள்ளைக்குத் தேநீரோடு பிஸ்கட்டும் வாங்கிக்கொடுத்தார்.

இதற்கிடையில் வேறொரு தொல்லையும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. தொட்டியின் உச்சியில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. உள்ளே அழுத்தம் எட்டைத் தொட்டால் அது தானாகத் திறந்து மிச்சக் காற்றை வெளியே விடும். மற்ற எல்லாம் கைவிட்டாலும் தொட்டி வெடிக்காமல் காப்பது அது ஒன்றுதான். யாரும் கை வைக்கக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் ஆபீஸிலிருந்தே கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்திருந்தார்கள். அந்த வால்வு கொஞ்ச காலமாக அவ்வப்போது சீறிக்கொண்டிருந்தது. முள் ஏழில்தான் நிற்கிறது, எட்டில் திறக்க வேண்டியது ஏழிலேயே திறக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை மானேஜரிடம் கேட்டுவிட்டார். பார்க்கலாம் என்று பதில் வந்தது.

கடைசியில் ஒருநாள் மத்தியானம், அது விடாமல் சீறவும், பொறுக்க மாட்டாமல் ஏணியைச் சாத்தினார். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் கம்பி வெட்டும் கொறடு. முத்திரைக் கம்பியை வெட்டி, திருகாணியை அரைச் சுற்று இறுக்கிவிட்டால் சத்தம் நின்றுவிடும். இன்ஸ்பெக்டரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கொறடின் வாயைக் கம்பியில் வைத்தபோது சட்டைப் பையில் போன் அலறியது. எடுத்துப் பார்த்தார். எட்டு என்று சிவப்பாக மின்னியது. அடுத்த நொடியே மாப்பிள்ளையின் அழைப்பு.

"மாமா, எட்டு காட்டுது. அங்க எல்லாம் சரியா இருக்கா?"

ஏணியின் மேல் நின்றபடி காத்தண்ணன் முள்ளை எட்டிப் பார்த்தார். ஏழைத் தாண்டி ஒரு மயிரிழை. உங்க பெட்டி புளுகுது மாப்பிள்ளை என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது. மானேஜர் போனிலும் இதே சிவப்பு மின்னிக்கொண்டிருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. பெட்டி கெட்டது என்று ஆகிவிட்டால் மாப்பிள்ளைக்கு ரயில் டிக்கெட்தான். கூடவே மகளுக்கும்.

"நான்தான் மாப்பிள்ளை, கொஞ்சம் ஏத்தி வச்சிருந்தேன். தப்பு என்னோடதுதான். இதோ இறக்கிடறேன்" என்றார்.

சரிங்க மாமா என்று மாப்பிள்ளை போனை வைத்தார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. ஏணியிலிருந்து இறங்கினார். கொறடைப் பெட்டியில் போட்டார். மோட்டார் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று சொல்லும் சுவிட்சின் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, போனில் ஏழு வரும் இடத்தில் நிறுத்தினார். முள் ஆறைச் சற்றே தாண்டித் தொங்கியது. அதைப் பார்க்க அவருக்கு வயிறெரிந்தது. வால்வின் சீறல் நின்றுபோனதைக் கவனித்தார். ஓரளவு பசியோடு இருந்தால் கத்தத் தெம்பிருக்காதுதான் என்று விளக்கமும் சொல்லிக்கொண்டார்.

அன்று முதல் காத்தண்ணன் தியாகியானார். இரவு சாப்பிடும்போது மனைவியிடம், "உன் மாப்பிள்ளைக்காக மெஷினைப் பட்டினி போடறேன்" என்றார். தெரு முழுக்க அந்தத் தியாகத்தை அறிந்துகொண்டது. "கொஞ்சம் இளைச்சா அதுக்கும் நல்லதுதான்" என்று அவள் உதட்டை அசைத்தாள். அவளுடைய பார்வை அவருடைய வயிற்றின் மேல் இருந்தது.

தியாகத்துக்கு ஏற்ற கஷ்டம் வந்தால் தியாகிக்கு ஒரு திருப்தி இருக்கும். இங்கே கஷ்டம் வரவே மறுத்தது. காற்று குறைந்து ஆட்கள் புகார் சொல்ல வருவார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தார். முதலில் வந்தது மெத்தைப் பிரிவை நடத்தும் குஷன் அக்கா. துப்பாக்கி இப்போதுதான் உதறாமல் கையில் நிற்கிறது, அடிக்கிற ஊசி பலகையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வருவதில்லை, என்ன பண்ணினீங்க என்று கேட்டாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக் காத்தண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாரத்துக்கு ஒன்றாவது பிய்த்துக்கொண்டு ஆடும் ரப்பர் குழாய்கள் மாட்டிய இடத்திலேயே இருந்தன. புது கிளிப்புகள் நல்ல ரகம் என்று முடிவு செய்தார். அறையில் சூடு குறைந்திருந்தது. பருவம் மாறிவிட்டது என்றார். கண்ணெதிரே நடப்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். மாப்பிள்ளையின் பெட்டி சரியாகச் சொல்கிறது என்ற காரணம் மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

பிறகு, வழக்கமான தவணைக்கு முன்னாலேயே தொட்டிச் சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. காத்தண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வருகிறவர் தன் சொந்த மீட்டரை மாட்டிப் பார்ப்பார். அது முள்ளோடு ஒத்துப்போய் ஆறு என்று சொல்லும். போன் ஏழு என்று சொல்லும். மானேஜர் முன்னால் மாப்பிள்ளை நிற்க வேண்டும். "இன்னிக்கு உன் மாப்பிள்ளை மானம் என் கையில" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கதவைத் தாண்டும்போது அவள் ஏதோ உதட்டை அசைத்தாள். திரும்பிப் பார்க்காததால் அது அவருக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். தோளில் கனமான பை, அளந்து பேசும் வாய். காத்தண்ணன் அவரைக் கம்ப்ரஸர் அறைப் பக்கமே விடாமல் பார்த்துக்கொண்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேநீர் வரவழைத்தார். இரும்புப் பிட்டம் எப்படி உட்காருகிறது என்று காட்டினார். பெயின்ட் அறைக்குக் கூட்டிப்போனார். தொட்டி எந்த வருஷம் வந்தது, இறக்கும்போது யார் காலில் விழப் பார்த்தது என்பதெல்லாம் அவர் குரலில் தொழிற்சாலையே கேட்டது. அளவெல்லாம் போனிலேயே வருது மேடம், எதுக்கு சிரமம் என்றும் சொல்லிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் இரண்டாவது தேநீரையும் குடித்து முடித்து, கோப்பையை வைத்துவிட்டு, மீட்டரை மாட்டலாமா என்று கேட்டார்.

மாட்டினார்கள். மானேஜர் தன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை சுவரோரம் கை கட்டி நின்றார். மோட்டார் முக்கி முனகி ஓடி, டப்பென்று நின்றது. காத்தண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரெக்டா ஏழு. போன்லயும் ஏழு" என்றார் மானேஜர்.

நிமிர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டர் மீட்டரில் ஏழு. போனில் ஏழு. அவருடைய பித்தளை மீட்டரில் ஆறும் கொசுறும். முதலில் சந்தோஷம்தான் வந்தது. மாப்பிள்ளை ஜெயித்துவிட்டார், மகள் எங்கேயும் போகமாட்டாள். தன் முள்ளைப் பற்றிய நினைப்பு கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

இன்ஸ்பெக்டர் பித்தளை மீட்டரின் கண்ணாடியை நகத்தால் தட்டினார். இது கிட்டத்தட்ட ஒன்று குறைத்துக் காட்டுகிறது, காலியாக இருக்கும்போது பூஜ்யத்தில் உள்ள ஆணி முள்ளைத் தாங்கிக்கொள்வதால் பார்க்கிறவர்களுக்குக் கோளாறு தெரியாது என்று மானேஜருக்கு விளக்கினார். பிறகு ஏணியில் ஏறி, உச்சி வால்வின் முத்திரைக் கம்பியை விரலால் வருடிப் பார்த்தார்.

"நல்லவேளை, சீறுதுன்னு யாரும் இதை இறுக்கிடல. நிறைய இடத்துல அதத்தான் செய்வாங்க. செஞ்சிருந்தா இந்தத் தொட்டியும் இருக்காது, இந்தச் சுவரும் இருக்காது."

காத்தண்ணன் பக்கத்திலிருந்த குழாயைப் பிடித்துக்கொண்டார். அது சுடச்சுட இருந்தது. அது சுடுகிறது என்று உள்ளங்கைக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மானேஜர் மெல்ல அவர் பக்கம் திரும்பினார். அப்ப இத்தனை வருஷமா நீங்க ஏழு ஏழுன்னு சொன்னது, என்று தொடங்கினார்.

"சார், மாமாதான் இதை முதல்ல கண்டுபிடிச்சாரு" என்றார் மாப்பிள்ளை. அவர் அவ்வளவு உரக்கப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. "முள்ளு குறைச்சுக் காட்டுதுன்னு அவருக்குத் தோணியிருக்கு. அன்னைக்கே எனக்கு போன்ல சொல்லிட்டு, அவரேதான் இறக்கி வச்சாரு."

மானேஜர் காத்தண்ணனைப் பார்த்தார். காத்தண்ணன் தலையாட்டினார். வாழ்க்கையில் அவர் சத்தமில்லாமல் கொடுத்த முதல் பதில் அது. அனுபவம் என்றால் சும்மாவா என்று மானேஜர் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டே அவரை வெளியே அழைத்துப்போனார். தொழிற்சாலை முழுக்கப் பெட்டி மாட்டுவது பற்றி நாளைக்குப் பேசலாம் என்று வாசலில் நின்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டும் போனார்.

அறையில் மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும் நின்றார்கள். மோட்டார் நின்றிருந்ததால் பேசுவதற்குத் தடையேதும் இல்லை. அதுதான் தொல்லையாக இருந்தது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று காத்தண்ணன் கேட்டார்.

"மாட்டின அன்னைக்கே சந்தேகம் மாமா, பெட்டியை நான் சோதிச்சுத்தான் கொண்டுவந்தேன். தப்பு உங்களோடதுன்னு நீங்க போன்ல ஒத்துக்கிட்டப்ப, முள்ளு ஏழுலதான் நிக்குதுன்னு உறுதியாயிடுச்சு." மாப்பிள்ளை ஸ்பேனர்களைப் பையில் அடுக்கிக்கொண்டே சொன்னார். "நீங்க தப்பை ஒத்துக்கற ஆள் இல்லையே. என் பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு என்னைக் காப்பாத்தறீங்கன்னு புரிஞ்சுது."

அப்பவே சொல்லியிருக்கலாமே என்றார் காத்தண்ணன்.

"உங்க முள்ளு தப்புன்னு நான் எப்படி மாமா உங்ககிட்ட சொல்றது? நீங்க இறக்கி வச்சதுல ஆபத்து போயிடுச்சு. மிச்சத்தை யாராவது மூணாம் மனுஷங்க சொல்லட்டும்னு, அந்த மேடத்தை சீக்கிரம் வரச்சொல்லி நான்தான் எழுதிப் போட்டேன்."

ஏணி, கொறடு, கம்பியில் வைத்த கொறடின் வாய் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று காத்தண்ணனுக்கு இருந்தது. வாயைத் திறந்தார். தன் குரலின் அளவு நினைவுக்கு வந்தது. வெளியே மானேஜரும் இன்ஸ்பெக்டரும் நின்று பேசிக்கொண்டிருப்பது கதவு வழியே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் பையைப் பிடுங்காத குறையாக வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வண்டி நிற்கும் இடம் வரை வந்தார். மாப்பிள்ளை பையை வாங்கி முன்னால் வைத்து, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பட்டையை மாட்டாமலேயே சாவியைத் திருப்பினார். காத்தண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். கல்யாணம் ஆனதிலிருந்து மாப்பிள்ளையை அவர் தொட்டதே இல்லை. இப்போது கிட்டே வந்து குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த பட்டையை இரண்டு பக்கமும் பிடித்து, தாடைக்கு அடியில் கொக்கியை மாட்டினார். பிறகு பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்து, மெதுவாக இழுத்துப் பார்த்தார்.